கேள்வி–பதில்: சிப்பியின் பெயர் ஏன் மாறுகிறது?

கேள்வி: என் மகள் பள்ளிச் செயல்திட்டத்திற்காகச் சிப்பிகளைப் பற்றிப் படித்து வருகிறாள். நாம் உணவங்காடியில் 'சீ ஹம்' என்று கேட்டு வாங்கும் கெராங் சிப்பியைப் பழைய நூலொன்று 'அனடாரா கிரனோசா' என்கிறது. புதிய பட்டியல் 'டெகில்லார்க்கா கிரனோசா' என்கிறது. இவை இரு வேறு இனங்களா? பழைய நூலை ஒதுக்கிவிடலாமா?
– வாசகி, ஈசூன்

பதில்: இரண்டும் ஒரே இனம்தான். 1758இல் ஸ்வீடன் நாட்டு இயற்கை அறிஞர் லின்னேயஸ் அதற்கு 'ஆர்க்கா கிரனோசா' என்று பெயரிட்டார். பின்னர் அது அனடாராவிற்கும், அதன்பின் டெகில்லார்க்காவிற்கும் இடம் மாறியது. முதற்சொல் பேரினத்தை, அதாவது நெருங்கிய இனங்களின் தொகுதியைக் குறிப்பதால், நெருங்கிய உறவினங்கள் எவை என்ற கணிப்பு மாறும்போது அதுவும் மாறுகிறது. இனத்தைக் குறிக்கும் இரண்டாம் சொல் பெரும்பாலும் நிலைத்து நிற்கிறது. லின்னேயஸின் பெயரும் ஆண்டும் அடைப்புக்குறிக்குள் அச்சிடப்பட்டிருந்தால், அவர் வைத்த பேரினத்திலிருந்து அந்த இனம் பிறகு வெளியேறிவிட்டது என்று பொருள். மகளை ஒரு கெராங் ஓட்டை விரலால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள்: ஏறக்குறைய 15 முதல் 20 வரையிலான தடித்த வரிகளும், அவற்றின்மேல் வரிசையாக எழும் முடிச்சுகளும் தட்டுப்படும். பெயர் இரண்டு முறை மாறியும் அந்த ஓடு மாறவில்லை.

ஓட்டின் வடிவத்தை மட்டும் நம்பியிருந்த காலம் போய், மரபணு ஒப்பீடும் சேர்ந்துகொண்டதால் பெரிய மாற்றங்களும் நேர்ந்துள்ளன. நம் சிங்கப்பூரின் தென் தீவுகளிலுள்ள பவளப்பாறைகளில் வாழும் ராட்சதச் சிப்பிகள் முன்பு தனிக் குடும்பமாக வைக்கப்பட்டிருந்தன. இன்று அவை கார்டியிடே என்ற சிப்பிக் குடும்பத்தின் ஒரு துணைக் குடும்பமாகவே கொள்ளப்படுகின்றன.

இதெல்லாம் அறிஞர்களின் ஏட்டு வேலை என்று சிலர் நினைப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. ஜொகூர் நீரிணையில் வேகமாகப் பரவி, மீன் பண்ணைகளின் வலைகளிலும் மிதவைகளிலும் அப்பிக்கொள்ளும் சிறு கறுப்புச் சிப்பியை எடுத்துக்கொள்வோம். அது அமெரிக்கக் கரைகளுக்கு உரிய 'மைட்டெல்லா ஸ்ட்ரிகேட்டா' என்று 2018இல் ஆய்வாளர்கள் அறிவித்தனர். ஆனால் பல நூல்களில் அதே சிப்பி 'மைட்டெல்லா சருவானா' என்றே இருக்கிறது. சருவானா என்ற பெயர் 1842ஆம் ஆண்டுக்குரியதாகக் கருதப்பட்டு வந்தது. அது உண்மையில் வெளியானது 1846இல் என்று தெரிந்தபின், 1843இல் வைக்கப்பட்ட ஸ்ட்ரிகேட்டாவே மூத்த பெயராயிற்று. முந்திய பெயருக்கே உரிமை என்பது விலங்கியல் பெயரீட்டு விதி. இரு பெயர்களும் ஒரே உயிரைக் குறிப்பவை என்று அறியாதவர், அது வேறு நாடுகளில் பரவிய வரலாற்றில் பாதியைத் தவறவிட்டுவிடுவார்.

ஆகவே பழைய நூலை ஒதுக்க வேண்டாம். எந்த இனம் எந்தக் கரையில் முன்பு கிடைத்தது என்ற செய்தி பல நேரங்களில் பழைய பெயரின்கீழ்தான் இருக்கும். மகள் தம் செயல்திட்டத்தில் இன்றைய பெயரை முதலில் எழுதி, பழைய பெயரை அருகில் குறித்து, ஓடு கிடைத்த இடத்தையும் நாளையும் சேர்த்துவிட்டால் போதும்.