கிலாவேயா கப்பலின் வரலாற்றை எங்கிருந்து தொடங்குவது?

உங்கள் மாமனார் வேலை பார்த்த யுஎஸ்எஸ் கிலாவேயா, அதாவது மற்ற போர்க்கப்பல்களுக்குக் குண்டுகள் கொடுத்த அமெரிக்கக் கடற்படையின் வெடிமருந்துக் கப்பலைப் பற்றி ஒரு பெட்டி படங்கள்தான் மிச்சம் என்கிறீர்கள். கப்பலைத் தேடிப் போக முடியாது. 2012 ஜூலையில் ஆஸ்திரேலிய நீர்மூழ்கி ஃபார்ன்கோம், பயிற்சியில் டார்பிடோ விட்டு அதை மூழ்கடித்துவிட்டது.

முதலில் டெக் லாக்கை, அதாவது கப்பலின் அன்றாடப் பதிவேட்டைப் பிடியுங்கள். அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில், காலேஜ் பார்க் ஊரில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் கேளுங்கள். எந்தக் கப்பல் எத்தனை மணிக்குப் பக்கத்தில் வந்து குண்டுகளை வாங்கிக்கொண்டது என்பதுகூட அதில் இருக்கும். படிக்கச் சலிப்புதான், ஆனால் தங்கம். 1980க்கு அப்புறம் சிவிலியன் மாலுமிகள் ஓட்டிய காலத்தைத் தனிக் கோப்பாக வையுங்கள்.

படங்களின் பின்னால் பேனா வேண்டாம், மென்மையான பென்சில் போதும். மாமனாரைப் பக்கத்தில் உட்காரவைத்து, முகம் முகமாகப் பெயர் கேட்டு எழுதுங்கள். இந்த வாரமே.