நிலவறையில் ரேடான்: விரிசலை அடைத்தால் போதுமா?

கேள்வி: ஒன்டாரியோவில் புதிதாகக் கட்டிய வீட்டை வாங்கி ஐந்து வருடமாகிறது. நிலவறையில் மூன்று மாதம் வைத்த ரேடான் (மண்ணிலிருந்து வரும் கதிரியக்க வாயு) சோதனையில் 260 பெக்கரல் (கதிரியக்க அளவு) வந்திருக்கிறது. மகன் அங்கேதான் படுக்கிறான். குழாயும் விசிறியும் பொருத்த 3,200 டாலர் கேட்கிறார்கள். விரிசலை அடைத்தாலே போதும் என்கிறார் கணவர். எதைச் செய்வது?
– வாசகி, விட்பி

பதில்: அன்புள்ள சகோதரி, விசிறிதான் சரி. கனடாவில் வரம்பு ஒரு கன மீட்டருக்கு 200 பெக்கரல். 200 முதல் 600 வரை இருந்தால் இரண்டு ஆண்டுக்குள் குறைக்கச் சொல்கிறது நாட்டின் சுகாதாரத் துறையான ஹெல்த் கனடா. பதற வேண்டாம், மகனின் படுக்கையை மட்டும் இப்போதே மேலே மாற்றிவிடுங்கள்.

பணம் கொடுக்குமுன், ஒன்டாரியோவின் புதுவீட்டு உத்தரவாத அமைப்பான டேரியனின் உத்தரவாதத்தைப் பாருங்கள். புதுவீடுகளுக்கான அதன் ஏழாண்டு உத்தரவாதத்தில், வரம்பை மீறிய ரேடானும் அடங்கும். சோதனை முடிவோடு விண்ணப்பியுங்கள். பதில் வரும்வரை வேலையைத் தொடங்காதீர்கள்.

குளிர்காலத்தில் சூடான காற்று மேலேறி வெளியேறும்போது நிலவறை மண்ணிலிருந்து ரேடான் கலந்த காற்றை இழுக்கிறது. தெரிகிற விரிசலை அடைத்தால் தெரியாத வழியில் வரும். அதனால் அடைப்பு மட்டும் போதாது. ஆனால் விசிறியின் இழுவிசை வீணாகாதிருக்க, சுவரும் தரையும் சேரும் இடத்தைப் பாலியூரித்தேன் பசையாலும், நிலத்தடி நீர் சேரும் சம்ப் குழியைக் காற்றுப்புகா மூடியாலும் அடைத்தே ஆக வேண்டும்.

விசிறி முறையில் கான்கிரீட் தரையில் துளையிட்டு, அடியில் சிறு குழி தோண்டி, 4 அங்குல பிவிசி குழாய் இறக்குவார்கள். விசிறி அந்தக் காற்றை உறிஞ்சி வெளியே தள்ளும். பெரும்பாலான வீடுகளில் 80 சதவீதத்துக்கு மேல் குறையும். துளையிடுமுன், தரைக்கடியில் உறிஞ்சல் எவ்வளவு தூரம் எட்டுகிறது என்று சோதிக்கச் சொல்லுங்கள். அதைச் செய்யாமல் விலை சொல்பவரை நம்பாதீர்கள். ரேடான் வேலை செய்பவர்களுக்கான சி-என்ஆர்பிபி (C-NRPP) சான்றிதழும் கேளுங்கள். தரையில் ரேடானுக்கென மூடிவைத்த குழாய் ஏற்கெனவே இருந்தால் செலவு குறையும்.

குறைகளும் உண்டு. 60 வாட் விசிறி ஆண்டுக்கு 525 யூனிட் மின்சாரம் எடுக்கும். கூடவே சூடான காற்றும் கொஞ்சம் வெளியேறும். விசிறியை வெளிச்சுவரில் மாட்டினால் ஈரம் உறைந்து குழாய் அடைபடலாம். கனடாக் குளிருக்கு அதை நிலவறைக்குள் வைப்பதே நல்லது. குழாய், துளையை நோக்கிச் சரிந்திருந்தால் நீர் மண்ணுக்கே திரும்பும். அதன் வாய் ஜன்னலுக்கோ காற்று உள்வாங்கிக்கோ அருகில் வேண்டாம். விசிறி நின்றுபோனால் சத்தமில்லாமல் நின்றுவிடும். குழாயில் மாட்டிய ‘யூ’ வடிவ அழுத்தமானியில் இரு பக்கத் திரவமும் சமமாக நின்றால் உறிஞ்சல் இல்லை என்று அர்த்தம். மாதம் ஒருமுறை பாருங்கள்.

இவற்றைவிடக் கவனிக்க வேண்டியது, புகைபோக்கி வழியாகப் புகைவிடும் எரிவாயு வெந்நீர்த் தொட்டி. விசிறி அதிகம் இழுத்தால் புகை வீட்டுக்குள் திரும்பலாம். வேலை முடிந்ததும் இதைச் சோதிக்கச் சொல்லுங்கள்; கார்பன் மோனாக்சைடு அலாரமும் இருக்கட்டும்.

வெப்பத்தை மீட்டுக்கொண்டே வீட்டுக் காற்றை மாற்றும் எச்ஆர்வி (HRV) கருவி இருந்தால் வடிகட்டியைச் சுத்தம் செய்து, உள்வரவும் வெளியேற்றமும் சமமா என்று பாருங்கள். ரேடானுக்காகப் புதிதாக வாங்காதீர்கள்.

விசிறி ஓடத் தொடங்கி 24 மணி நேரம் கழித்து ஒரு குறுகிய சோதனை செய்யுங்கள். அடுத்த குளிர்காலத்தில், முன்பு வைத்த அதே இடத்தில் 91 நாள் சோதனை வையுங்கள்.