கட்டியை ஏன் எடுக்கவில்லை?

கேள்வி: அம்மாவுக்கு 58 வயது. மார்பில் புற்றுநோய்க் கட்டி, முதுகெலும்பிலும் தொடை எலும்பிலும் பரவிவிட்டது. டாக்டர் ஹார்மோன் மாத்திரையும் எலும்புக்கு மாதம் ஓர் ஊசியும் மட்டும் தருகிறார். “கட்டியை வெட்டி எறியாமல் எப்படி நோய் போகும்?” என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். அம்மாவைக் கைவிட்டுவிட்டார்களா?
- வாசகி, ஈசூன்

பதில்: கைவிடவில்லை, அம்மா. இந்தக் கட்டத்தில் உயிருக்கு ஆபத்து மார்பிலுள்ள கட்டியால் வருவதில்லை. எலும்பு, ஈரல், நுரையீரல், மூளைக்குப் போன புற்று அணுக்களால் வருகிறது. மாத்திரை எல்லா இடத்துக்கும் போகும், கத்தி போகாது.

இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையில் 350 பெண்களிடம் நடந்த ஆய்வு 2015இல் வெளியானது. மார்புக் கட்டிக்கு அறுவையும் கதிரியக்கமும் பெற்றவர்களும் பெறாதவர்களும் ஏறக்குறைய ஒரே காலமே வாழ்ந்தார்கள். பிறகு அமெரிக்காவில், முதலில் மருந்துக்கு நோய் கட்டுப்பட்ட 256 பேரிடம் பார்த்தபோது, 3 ஆண்டு முடிவில் இரு பக்கமும் சுமார் 68 விழுக்காட்டினர் உயிரோடு இருந்தனர். துருக்கி ஆய்வு ஒன்றில் அறுவை செய்தவர்கள் கூடுதல் காலம் வாழ்ந்தது உண்மை. ஆனால் மென்மையான போக்குள்ள நோய் இருந்தவர்கள் அந்தப் பக்கமே அதிகம் சேர்ந்திருந்தார்கள். அதை மட்டும் நம்பி மார்பை எடுக்கச் சொல்ல மாட்டோம். அறுவையால் வந்த லாபம், மார்பில் கட்டி மறுபடி வளர்வது குறைந்ததுதான்.

உங்கள் அம்மாவுக்கு அறுவை தேவைப்பட்டால், அது எலும்பில்தான் வர வாய்ப்பு. தொடையை ஊன்றி நிற்கும்போது வலித்து, படுத்தால் குறைகிறதா? உடனே எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். எலும்பின் குறுக்களவில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் அரித்திருந்தால், முறியுமுன்பே உள்ளே உலோகக் கம்பி வைப்பது நல்லது. புண் ஆறியதும் கதிரியக்கம் கொடுப்பார்கள். முறிந்த பிறகு செய்வது பெரிய அறுவை; அதற்குள் மருந்தும் தடைப்படும்.

முதுகு விஷயத்தில் மணி நேரம்கூட முக்கியம். மார்பைச் சுற்றிப் பட்டை கட்டியதுபோல வலி, காலில் மரத்துப்போதல், படி ஏறும்போது கால் மடங்குதல், சிறுநீர் வராமல் அடைத்தல்: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அடுத்த அப்பாயின்ட்மெண்ட் வரை காத்திருக்க வேண்டாம். முதுகெலும்புக்குள் ஓடும் தண்டுவடம் நசுங்குவதன் அறிகுறி இது. அவசரப் பிரிவுக்குப் போங்கள். நடக்க முடியாவிட்டால் 995 எண்ணில் ஆம்புலன்ஸை அழையுங்கள். தண்டுவடம் ஓரிடத்தில் நசுங்கிய 101 பேரிடம் நடந்த ஆய்வில், அறுவையோடு கதிரியக்கமும் பெற்றவர்களில் 84 விழுக்காட்டினர் நடந்தார்கள். கதிரியக்கம் மட்டும் பெற்றவர்களில் 57. கால் முழுக்க செயலிழந்த பிறகு போனால் திரும்ப நடப்பது அரிது.

இன்னொன்று: அம்மாவுக்குப் பல் பிடுங்க வேண்டியிருந்தால், எலும்பு ஊசி போடும் டாக்டரிடம் முதலில் சொல்லுங்கள். அந்த ஊசியால், பிடுங்கிய இடத்தில் தாடை எலும்பு ஆறாமல் அழுகக்கூடும்.

கேள்வி: என் மனைவிக்கும் பரவிய நோய். மார்புக் கட்டி தோலைப் பிளந்து நீர் வடிகிறது, வாடை அடிக்கிறது. இப்போதுமா அறுவை வேண்டாம்?
- வாசகர், ஜூரோங்

பதில்: இங்கே கணக்கு வேறு. ஆயுளுக்காக இல்லாவிட்டாலும், ரத்தக் கசிவையும் வலியையும் நிறுத்த மார்பை எடுக்கலாம். கட்டி நெஞ்சுச் சுவரில் ஒட்டாமல் இருக்க வேண்டும், எடுத்தபின் மூடத் தோலும் போதுமானதாக இருக்க வேண்டும். பாதியில் வெட்டினால் புண் ஆறாமல் மறுபடி பிளக்கும். முடியாதென்றால் கதிரியக்கம் உண்டு. வாடைக்கு மெட்ரோனிடசோல் ஜெல் தடவி, கரி சேர்த்த கட்டுத்துணி போடச் சொல்லுங்கள். கட்டு ஒட்டிக்கொண்டால் இழுக்காதீர்கள். சலைன் (உப்பு நீர்) ஊற்றி நனைத்து, அது தானாகக் கழன்று வரும்வரை பொறுங்கள்.