அம்புக்குறி உறைந்து நிற்பது ஏன்? – கணினி கேள்வி பதில்

கேள்வி: ஐயா, கோத்தகிரி பேருந்து நிலையத்துக்கு அருகில் தட்டச்சும் ஜெராக்ஸும் செய்து கொடுக்கும் சிறு கடை வைத்திருக்கிறேன். 4 ஜி.பி. ரேமும் பழைய ஹார்ட் டிஸ்கும் உள்ள மேசைக் கணினியில் லினக்ஸ் மின்ட் போட்டிருக்கிறேன். பிரவுசரில் ஒருவருக்குப் படிவம் நிரப்பிக்கொண்டே இன்னொருவரின் பென் டிரைவுக்குப் படங்களை நகலெடுத்தால், மவுஸின் அம்புக்குறிகூட அரை நிமிடம் நகர்வதில்லை. ரேம் நிரம்பும்போது தரவை டிஸ்கின் ஸ்வாப் பகுதிக்குத் தள்ளும் நாட்டத்தைக் குறிக்கும் ஸ்வாப்பினஸ் அளவை 60-இலிருந்து 10-க்குக் குறைத்தால் சரியாகும் என்று நண்பர் சொன்னார். குறைத்தும் பயனில்லை. பிராசஸரை மாற்ற வேண்டுமா?
– வாசகர், கோத்தகிரி

பதில்: பிராசஸரைத் தொட வேண்டாம். அடுத்த முறை கணினி உறையும்போது டெர்மினலில் ‘டாப்’ கட்டளையைத் திறந்துவைத்து, மேல்வரிசையில் ‘டபிள்யூ.ஏ.’ என்ற இரண்டெழுத்துக்கு முன் நிற்கும் எண்ணைப் பாருங்கள். பிராசஸர் வேலை ஏதும் இல்லாமல், டிஸ்கிடமிருந்து பதில் வரும்வரை சும்மா நிற்கும் நேரத்தின் விழுக்காடு அது. நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் அங்கே 40, 50 என்று நிற்கும் என்றே நினைக்கிறேன். அப்படி நின்றால், எவ்வளவு விலைகொடுத்துப் புதுப் பிராசஸர் வாங்கினாலும் அதுவும் அதே வரிசையில் போய்க் காத்து நிற்கும்.

ஹார்ட் டிஸ்கின் தட்டு நிமிடத்துக்கு 7200 முறை சுழல்வதாகக் கொண்டால் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி வினாடி ஆகிறது. படிக்கும் முனை உரிய தடத்துக்கு நகர ஏறத்தாழ 9 மில்லி வினாடியும், தேவையான இடம் முனைக்குக் கீழே சுழன்று வரச் சராசரியாக 4 மில்லி வினாடியும் சேர்த்தால், சிதறிக் கிடக்கும் துண்டுகளை வினாடிக்கு எழுபது, எண்பது முறைக்கு மேல் அதனால் எடுத்துத் தர இயலாது. சுழலும் தட்டே இல்லாத எஸ்.எஸ்.டி. அதே வேலையை ஏறக்குறைய 0.1 மில்லி வினாடியில் செய்கிறது. பிரவுசர் ஒரு பக்கமும் ஸ்வாப் மறுபக்கமும் இந்த எழுபது, எண்பதைப் பங்குபோட்டுக்கொள்வதுதான் உங்கள் கடையில் நடப்பது. கையில் பணம் இருக்குமானால் 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி. ஒன்றை வாங்கி இயங்குதளத்தை அதற்கு மாற்றிவிடுங்கள். கீழே நான் எழுதப்போகும் அமைப்புகள் எல்லாம் சேர்ந்தாலும் அதற்கு ஈடாகா.

ஸ்வாப்பினஸைக் குறைத்தும் பலன் இல்லாததற்குக் காரணம் உண்டு. ரேம் நிரம்பும்போது இடம் பிடிக்க, இயங்குதளத்தின் மையநிரலான கெர்னலுக்கு இரண்டு வழிகள்: நிரல்களின் தரவை ஸ்வாப்புக்குத் தள்ளலாம், அல்லது டிஸ்கிலிருந்து படித்துவைத்திருக்கும் கோப்புகளின் நகலை ரேமிலிருந்து நீக்கலாம். ஸ்வாப்பினஸைக் குறைத்தால் இரண்டாவது வழியையே அது அதிகம் நாடும். ஆனால் அப்படி நீக்கப்படுபவற்றில் ஓடிக்கொண்டிருக்கும் பிரவுசரின் நிரல்பகுதிகளும் இருக்கும். அடுத்த சொடுக்கிலேயே அவற்றை அதே டிஸ்கிலிருந்து மீண்டும் படிக்க வேண்டியிருக்கும். 4 ஜி.பி. கணினிக்கு இதைவிடப் பொருத்தமானது இசட்ரேம். ரேமின் ஒரு பகுதியையே ஸ்வாப்பாக்கி, அதில் தரவைச் சுருக்கி வைக்கும் ஏற்பாடு அது. ‘இசட்ரேம் டூல்ஸ்’ என்ற தொகுப்பை நிறுவி ரேமில் பாதியை அதற்கு ஒதுக்குங்கள். அதன்பின் ஸ்வாப்பினஸை 10-இல் விடாமல் 100-க்கு உயர்த்திவிட வேண்டும், ஏனென்றால் இப்போது ஸ்வாப் என்பது டிஸ்கைத் தேடி ஓடும் வேலை அன்று. நண்பர் சொன்னதற்கு நேர்மாறாகத் தோன்றும். அவர் கேள்விப்பட்டது வேறொருவருடைய கணினிக்குச் சொன்ன வைத்தியம்.

இனி பென் டிரைவ். நகலெடுக்கும்போது பச்சைப் பட்டை விறுவிறுவென்று ஓடி முடிந்துவிடும். ஆனால் பென் டிரைவின் சிறு விளக்கு அதற்குப் பிறகும் வெகுநேரம் சிமிட்டிக்கொண்டே இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். படங்கள் அப்போது ரேமில்தான் இருக்கின்றன. எழுதக் காத்திருக்கும் தரவு, பயன்படுத்தத்தக்க நினைவகத்தில் 10 விழுக்காட்டைத் தாண்டியதும் கெர்னல் பின்னணியில் எழுதித் தள்ளத் தொடங்கும்; 20 விழுக்காட்டைத் தொட்டால், எழுத வரும் நிரல்களையே தடுத்து நிறுத்திவிடும். உங்கள் கணினியில் 10 விழுக்காடு என்பதே இருநூறு, முந்நூறு எம்.பி. வரும். மலிவான பென் டிரைவ் வினாடிக்கு 5 எம்.பி. எழுதினால் அது வடிய ஒரு நிமிடம் ஆகும். எனவே விழுக்காட்டுக் கணக்கை விட்டுவிட்டு, கெர்னலின் அமைப்புகளை வைக்கும் சிஸ்.சி.டி.எல். கோப்பில் ‘டர்ட்டி பேக்கிரவுண்ட் பைட்ஸ்’ அளவை 16777216 என்றும், ‘டர்ட்டி பைட்ஸ்’ அளவை 50331648 என்றும் கொடுங்கள். முறையே 16 எம்.பி., 48 எம்.பி. நகலெடுக்கும் பட்டை முன்பைவிட மெதுவாக நகர்வதாகத் தோன்றும், ஆனால் அது காட்டுவது உண்மையாக இருக்கும்.

இந்த அளவுகளை உயர்த்தச் சொல்லும் குறிப்புகளும் உண்டு. குன்னூரில் என் வீட்டுக் கணினியில் நானும் ஒருமுறை அப்படித் தாராளமாக உயர்த்தி வைத்தேன். கேமராவிலிருந்து படங்களை நகலெடுத்து, முடிந்தது என்ற நம்பிக்கையில் மெமரி கார்டை அழித்தும்விட்டேன். ஐப்பசி மழை, எங்கோ மரம் சாய்ந்து மின்சாரம் போயிற்று. திரும்ப வந்தபோது கோப்புகளின் பெயர்கள் எல்லாம் இருந்தன, ஒவ்வொன்றின் அளவும் சுழியம். யு.பி.எஸ். பேட்டரி நம்பகமாக இல்லாத மலைவீட்டில் ரேமை நம்பித் தரவை வைப்பது வேகமாகாது. உங்கள் கடையிலோ அது பிறருடைய தரவு.

கேள்வி: பணி ஓய்வு பெற்ற ஆசிரியன் நான். விண்டோஸ் 10 கணினி, தொடங்கிய பின் பத்து நிமிடத்துக்கு எதற்கும் அசைவதில்லை. வேகப்படுத்தும் மென்பொருள் வாங்கலாமா?
– வாசகர், உதகை

பதில்: வாங்க வேண்டாம் ஐயா. அத்தகைய மென்பொருள்களில் பல, தாமும் தொடக்கத்திலேயே ஓடத் தொடங்கி வரிசையை நீட்டுபவை. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் விசைகளை ஒருசேர அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் ‘ஸ்டார்ட்அப்’ பகுதிக்குச் சென்று, பிரிண்டர் உதவியாளர், வீடியோ அழைப்புச் செயலி போன்று தொடக்கத்திலேயே தேவைப்படாதவற்றை முடக்குங்கள். ஆன்டிவைரஸை மட்டும் முடக்காதீர்கள். ‘டிஸ்க்’ பத்தியில் 100 விழுக்காடு நிற்குமானால் மேலே கோத்தகிரி வாசகருக்குச் சொன்ன எஸ்.எஸ்.டி. உங்களுக்கும் பொருந்தும். சாளரங்கள் மிதந்து விரியும் அசைவூட்டங்களை நிறுத்தினால் கணினி கூடுதலாக எதையும் செய்துவிடாது, ஆனால் சொடுக்கியதும் திறப்பதாகக் கண்ணுக்குத் தெரியும். அதுவும் ஒரு பலனே. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது என்பதையும் நினைவில் வையுங்கள். வங்கிக் கணக்கை அதில் பார்ப்பவரானால் மாற்று ஏற்பாட்டைத் தள்ளிப்போட வேண்டாம்.

கேள்வி: லினக்ஸ் கெர்னலை 1000 ஹெர்ட்ஸ் அமைப்புடன் மூலநிரலிலிருந்து நானே தொகுத்தால் கணினி இன்னும் சுறுசுறுப்பாகுமா?
– கல்லூரி மாணவர், கூடலூர்

பதில்: 250 ஹெர்ட்ஸில் கெர்னலின் கடிகாரம் 4 மில்லி வினாடிக்கு ஒருமுறை தட்டுகிறது, 1000 ஹெர்ட்ஸில் 1 மில்லி வினாடிக்கு ஒருமுறை. பத்தில் ஒரு வினாடிக்குள் வரும் பதிலை மனிதர்கள் உடனடி என்றே உணர்கிறார்கள். ஆகவே தட்டச்சிலும் பிரவுசரிலும் இந்த வேறுபாடு உங்கள் கண்ணுக்கு எட்டுவது அரிது. ஒலிப்பதிவு செய்பவரானால் முயன்று பார்க்கலாம். அதற்கும் முன்பாக, கெர்னலைத் தொடங்கும் வரியில் ஓடும் வேலையை இடைமறித்து அவசர வேலைக்கு இடம்கொடுக்கும் ‘ப்ரீஎம்ப்ட்’ என்பதற்கு ‘ஃபுல்’ என்று கொடுத்துப் பாருங்கள். 5.12-ஆம் பதிப்பு முதல், அதற்கேற்பத் தொகுக்கப்பட்ட கெர்னல்களில் இதற்கு மறுதொகுப்பு தேவையில்லை.

இந்த ஆர்வம் உங்களுக்கு மட்டும் உரியதன்று. ஆஸ்திரேலியாவின் மயக்கவியல் மருத்துவர் கான் கோலிவாஸ், பின்னணியில் கனமான வேலை ஓடும்போதும் மேசைக் கணினி திக்கக்கூடாது என்பதற்காக, பிராசஸரின் நேரத்தை நிரல்களுக்குப் பங்கிடும் முறையைத் திருத்தி எழுதிவந்தார். 2007-இல் வெளிவந்த 2.6.23 கெர்னல், அவருடையதை ஏற்காமல் கெர்னல் உருவாக்குநர் இங்கோ மோல்னார் எழுதிய சி.எஃப்.எஸ். என்ற பங்கீட்டு முறையை ஏற்றது. நியாயமான பங்கீடு இயலும் என்று காட்டியவர் கோலிவாஸ் என்பதை மோல்னாரே ஒப்புக்கொண்டிருந்தார். மனம் கசந்து விலகிய கோலிவாஸ் 2009-இல் பி.எஃப்.எஸ். என்ற இன்னொரு பங்கீட்டு முறையோடு திரும்பினார். 2023-இல் வந்த 6.6 கெர்னலில் சி.எஃப்.எஸ். முறையின் இடத்தை ஈ.ஈ.வி.டி.எஃப். என்ற வேறொரு பங்கீட்டு முறை பிடித்துக்கொண்டது. கற்பதற்காகத் தொகுக்கிறீர்கள் என்றால் தாராளமாகச் செய்யுங்கள், ஆனால் ஓடும் கெர்னலை அழிக்காமல், தொடக்கப் பட்டியலில் இரண்டும் இருக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள்; மழைக்காலத்தில் தொகுப்பதானால் மடிக்கணினியில் தொகுங்கள், பாதியில் மின்சாரம் போனாலும் வேலை நிற்காது.