பொங்கலன்று அந்த நண்பர் எங்கே சாப்பிடுகிறார்?

கேள்வி: எனக்கு 54 வயது. கணவர் ஓய்வு பெற்றவர், பிள்ளைகள் வெளியூரில். 80 வயது அம்மா எங்களோடு இருக்கிறார். மகள் சொல்லி ‘நேற்று என்ன சாப்பிட்டாய்?’ என்ற ஜப்பானியத் தொடரைப் பார்க்க ஆரம்பித்தேன். நடுத்தர வயதில் இரண்டு ஆண்கள் தம்பதியாக ஒரே வீட்டில் வாழும் கதை. இரண்டு சீசனையும் திரும்பத் திரும்பப் பார்த்து அழுகிறேன். இதே மாதிரி வேறு தொடர்களையும் தேடுகிறேன். கணவர் வந்தால் நிறுத்திவிடுவேன். “இந்த வயதில் இதெல்லாம் தேவையா?” என்கிறார். எங்கள் குடும்பத்தில் இப்படி யாரும் கிடையாது. என் தம்பி மட்டும் கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, புனேயில் நண்பர் ஒருவரோடு 17 வருடமாக ஒரே ஃப்ளாட்டில் இருக்கிறான். பொங்கலுக்கு வந்து போவான். இரண்டு வருடம் முன்பு அவனுக்கு ஸ்டென்ட் வைத்தபோதும் அந்த நண்பரே பார்த்துக்கொண்டதால் நாங்கள் போக வேண்டி வரவில்லை. எனக்கு ஏன் இந்தத் தொடர் இவ்வளவு பிடிக்கிறது? மனதில் ஏதாவது கோளாறா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருச்சி

பதில்: தொடர் ஏன் பிடிக்கிறது என்ற கேள்வியை உங்கள் வயதுப் பெண்கள் பலர் எனக்கு எழுதிவிட்டார்கள். அதை முதலில் முடித்துவிடுகிறேன்.

ஃபுமி யோஷினாகா 2007 முதல் வரைந்துவரும் ஜப்பானியச் சித்திரக் கதை (‘மாங்கா’ என்பார்கள்) அது. டிவி டோக்கியோவில் முதல் சீசன் 2019-லும் இரண்டாவது 2023-லும் வந்தன. ஷிரோ வக்கீல், கென்ஜி முடி திருத்தும் கலைஞர். கதை தொடங்கும்போதே இருவரும் ஒன்றாகக் குடும்பம் நடத்துகிறார்கள். துரத்தல் கிடையாது, சம்மதிப்பாரா மாட்டாரா என்ற இழுவை கிடையாது. மாதச் சாப்பாட்டுச் செலவு 25,000 யென்னைத் தாண்டக் கூடாது என்று ஷிரோ ஆபீஸ் விட்டதும் நேராகக் கடைக்குப் போய், விலையைப் பார்த்துத்தான் அன்றைக்கு என்ன சமையல் என்று முடிவு செய்கிறார். முழுத் தர்பூசணி இரண்டு பேருக்கு அதிகம் என்பதால், கடையில் பார்த்த முன்பின் தெரியாத பெண்மணியோடு பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்கிறார். முப்பது வருடமாகப் பருப்பு விலையும் சிலிண்டர் தேதியும் மனதில் வைத்திருக்கும் பெண்ணுக்கு, அதே கவலையை ஒரு ஆண் முகம் சுளிக்காமல் சுமப்பதைப் பார்த்தால் பிடிக்காமல் என்ன செய்யும்? நம் சீரியல்களில் கல்யாணம் முடிந்ததும் சதி ஆரம்பித்துவிடுகிறது. கல்யாணமாகி இருபது வருடம் கழித்து இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து என்ன பேசிச் சாப்பிடுகிறார்கள் என்று காட்ட அங்கே யாருக்கும் பொறுமை இல்லை.

கணவரிடம் ஒளிக்காதீர்கள். ஒரு எபிசோட் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள். வராவிட்டால் நீங்கள் பாருங்கள்.

இப்போது உங்கள் தம்பிக்கு வருகிறேன். நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்டுத் தாண்டிப் போன இடம் அது. அதை மூன்று தடவை படித்தேன், ஒவ்வொரு தடவையும் கோபம்தான் வந்தது.

கூடப் பிறந்தவனுக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். ஐசியூ வாசலில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு ஓடுகிறார், டாக்டர் சொல்வதைக் கேட்டுக்கொள்கிறார், வீட்டுக்கு அழைத்துவந்து உப்பில்லாமல் சமைத்துப் போடுகிறார். அப்படி ஒருவர் இருந்ததால் நீங்கள் போகவே இல்லை! அந்த மனிதருக்கு உங்கள் கடிதத்தில் பெயர்கூட இல்லை. ஷிரோ, கென்ஜி பெற்றோரைப் பற்றியெல்லாம் உங்களுக்குத் தெரியும். 17 வருடமாகத் தம்பியோடு ஒரே வீட்டில் இருப்பவருக்கு அப்பா அம்மா இருக்கிறார்களா என்று தெரியுமா? ஆஸ்பத்திரியில் இருந்ததற்காக ஒரு போன் செய்து நன்றி சொன்னீர்களா?

“எங்கள் குடும்பத்தில் இப்படி யாரும் கிடையாது” என்று எழுதிய கையோடு, அடுத்த வரியிலேயே “என் தம்பி மட்டும்” என்று எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் இருவரும் ஒருவருக்கொருவர் யார் என்று எனக்குத் தெரியாது. நண்பர்களாகவே இருக்கலாம். ஆனால் உங்கள் மனதுக்கு ஏதோ தெரிந்திருக்கிறது. அதைத் தம்பியிடம் கேட்கப் பயந்து ஜப்பானில் போய்த் தேடிக்கொண்டிருக்கிறீர்கள்.

முதல் சீசனில், ஷிரோ புத்தாண்டுக்குக் கென்ஜியைத் தன் பெற்றோர் வீட்டுக்கு அழைத்துப் போவது ஞாபகம் இருக்கும். காதலரின் வீட்டில் விருந்தாளியாக உட்கார்ந்து சாப்பிட்டது கனவு மாதிரி இருக்கிறது, இனிச் செத்தாலும் பரவாயில்லை என்கிறார் கென்ஜி. சாவைப் பற்றிப் பேசாதே, எண்ணெயைக் குறைத்து, வயிற்றைக் கொஞ்சம் காலியாக வைத்து ரொம்ப நாள் இருப்போம் என்கிறார் ஷிரோ. அதற்குப் பிறகு 2021-ல் வந்த திரைப்படத்தில், அம்மாவால் தாங்க முடியவில்லை, இனிமேல் அவரை அழைத்து வராதே என்று பெற்றோர் சொல்லிவிடுகிறார்கள். அந்தப் பெற்றோர் கெட்டவர்கள் இல்லை. உங்களையும் என்னையும் போன்றவர்கள்தான். நீங்கள் அதைப் பார்த்துக் கண்ணீர் விட்டிருப்பீர்கள். அதே நேரத்தில் புனேயில் ஒருவர், 17 பொங்கலாகத் தம்பியை ரயில் ஏற்றிவிட்டுப் பூட்டிய வீட்டுக்குத் திரும்புகிறார்.

தொடரில் இவர்களைப் போலவே வாழும் இன்னொரு ஆண் ஜோடி ஷிரோவிடம் வருவது நினைவிருக்கிறதா? தன் சொத்து பெற்றோருக்குப் போகாமல் தன்னோடு வாழ்பவருக்கே போக வேண்டும் என்று கேட்பார்கள். அங்கே கல்யாணம் சட்டப்படி இல்லாததால் தத்து எடுப்பது வரை யோசிக்க வேண்டியிருக்கிறது. இங்கேயும் நிலைமை அதுதான். 2018 செப்டம்பர் 6-ல் உச்ச நீதிமன்றம் தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவின் கீழ் தன்பாலின உறவு குற்றம் என்ற நிலையை நீக்கியது. 2023 அக்டோபர் 17-ல் கல்யாண உரிமையைத் தர மறுத்துவிட்டது. உங்கள் தம்பி உயில் எழுதாமல் போனால், மனைவி மக்கள் இல்லாத அவர் பெயரில் உள்ள ஃப்ளாட் முதலில் அம்மாவுக்குப் போகும். அப்பா அம்மா இல்லாத காலத்தில் உடன்பிறந்த உங்களுக்கு வரும். 17 வருடம் அந்த வீட்டில் சோறாக்கியவருக்குச் சட்டத்தில் இடமே கிடையாது. சாவியை வாங்க நீங்கள் போய் நிற்பீர்களா? ஆஸ்பத்திரிக்குப் போகாத அக்கா வீட்டுக்கு மட்டும் போவாளா? கேட்க எனக்கே கஷ்டமாக இருக்கிறது, கேட்காமல் விட்டால் அது இன்னும் தப்பு.

2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம், குடும்பம் அமையக் கல்யாணம் ஒன்றே வழி இல்லை என்று சொல்லியிருக்கிறது. தன்பாலினத் துணைவரோடு கூட்டு வங்கிக் கணக்கு தொடங்கவும் அவரை நாமினியாகப் போடவும் தடையில்லை என்று 2024 ஆகஸ்டில் மத்திய நிதி அமைச்சகம் தெளிவுபடுத்தியது. நாமினி மட்டும் போதாது, இரண்டு சாட்சிகளோடு உயிலும் வேண்டும். தம்பி என்றைக்காவது இந்தப் பேச்சை எடுத்தால், “உன் சொத்து, உன் இஷ்டம். நான் ஒருநாளும் குறுக்கே வர மாட்டேன்” என்று சொல்லிவிடுங்கள். ரத்த சொந்தத்தை நான் குறைத்துப் பேசுபவள் இல்லை. இத்தனை வருடம் இந்தப் பத்தியில் குடும்பத்தை விட்டுவிடாதீர்கள் என்றுதான் எழுதிவருகிறேன். தம்பி விழுந்தபோது தாங்கிப் பிடித்தவர் அந்தக் குடும்பத்துக்குள் இருக்கிறார் என்றே நான் நினைக்கிறேன்.

இனி செய்ய வேண்டியது. தம்பியிடம் “நீங்கள் இரண்டு பேரும் யார்?” என்று விசாரிக்காதீர்கள். சொல்வதும் சொல்லாமல் இருப்பதும் அவன் இஷ்டம். அம்மாவிடமோ கணவரிடமோ உங்கள் ஊகத்தைச் சொல்லும் உரிமையும் உங்களுக்கு இல்லை. போன் செய்யுங்கள். நண்பர் பெயரைக் கேளுங்கள், அவரிடம் போனைக் கொடுக்கச் சொல்லுங்கள். ஸ்டென்ட் வைத்தபோது பார்த்துக்கொண்டதற்கு இரண்டு வருடம் கழித்தாவது நன்றி சொல்லுங்கள். அப்புறம் பொங்கலுக்கு இருவரையும் வரச் சொல்லுங்கள், தம்பி மூலமாக இல்லாமல் அவரிடம் நேராக. அம்மா கேட்டால், தம்பியை ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொண்ட பிள்ளை என்று அறிமுகம் செய்யுங்கள். அது முழு உண்மை. வந்தால் இருவருக்கும் ஒரே அறையில் பாய் விரியுங்கள், யாரையும் ஹாலுக்கு அனுப்ப வேண்டாம். வர மாட்டேன் என்றால் வற்புறுத்தாதீர்கள், 17 வருடத் தயக்கம் ஒரு போனில் போகாது. பொங்கல் முடிந்ததும் நீங்கள் புனேக்குப் போய் நாலு நாள் இருந்துவிட்டு வாருங்கள்.

ரயிலில் முன்பதிவு 60 நாட்களுக்கு முன்பே திறந்துவிடும். பொங்கலுக்கு வர வேண்டுமானால் நவம்பர் பாதிக்குள் அவர்கள் டிக்கெட் எடுத்தாக வேண்டும். போனை அதற்கு முன்பே செய்யுங்கள்.