மலை வீட்டுக் கூரையில் சோலார்: அனுமதியும் ஆய்வும் – கேள்வி பதில்

கூரை சோலாருக்கு அனுமதி வாங்குவது பற்றி நீலகிரியிலிருந்து பலர் கேட்டிருந்தீர்கள். கோத்தகிரியில் மின் ஒப்பந்த வேலை பார்க்கிறவன் என்ற முறையில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அண்ணா, 3 கிலோவாட் போடப்போகிறோம். எங்கெங்கே அனுமதி வாங்கணும்? (குன்னூர்)

கூரை சோலாருக்கு மானியம் தரும் மத்திய அரசுத் திட்டமான பி.எம். சூர்யகரின் இணையதளத்தில் உங்கள் மின் இணைப்பு எண்ணைக் கொடுத்து விண்ணப்பியுங்கள். 10 கிலோவாட் வரை சாத்தியக்கூறு ஆய்வு இல்லாமலே விண்ணப்பத்தை ஏற்க வேண்டும் என்று 2024-இல் விதியைத் திருத்திவிட்டார்கள். மானியம் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய். அதற்கு மேல் எவ்வளவு போட்டாலும் அதே தொகைதான். பேனலும் அதன் செல்லும் இந்தியாவில் செய்ததாக இருந்தால்தான் மானியம், அதனால் கொட்டேஷனிலேயே ‘டி.சி.ஆர்.’ (உள்நாட்டுத் தயாரிப்பு) என்று எழுதி வாங்கிவிடுங்கள். பேனலை உயரமாகத் தூக்கி, அடியில் ஷெட் போடும் யோசனை இருந்தால் மட்டும் நகராட்சியில் கேட்காமல் தொடங்காதீர்கள். மலையில் கட்டட உயரத்துக்கு 7 மீட்டர் கட்டுப்பாடு உண்டு.

சார், மின் இணைப்பு காலமான அப்பா பெயரில் இருக்கிறது. பரவாயில்லையா?

பெயர் மாற்றத்தை முடித்துவிட்டு வாருங்கள் தம்பி. மின் கட்டண ரசீதில் உள்ள பெயரும் வங்கிக் கணக்கில் உள்ள பெயரும் ஒத்துப்போகாவிட்டால் மானியம் நின்றுவிடும்.

வீட்டுக்குத் தெற்கே சில்வர் ஓக் வரிசை. வெட்டிவிடலாமா?

கூடாது. மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் 1955 முதல் இருக்கிறது. பட்டா நிலத்து மரமானாலும் மாவட்டக் குழுவின் அனுமதி வேண்டும். சோலாருக்காக ஒரு மரம் சாய்வதை நானும் விரும்பமாட்டேன். டிசம்பரில் சூரியன் தெற்கே இறங்கும்போதுதான் அந்த நிழல் நீளும். அந்த மாதத்தில் காலை ஒன்பதிலிருந்து மூன்று மணிவரை கூரையை ஃபோட்டோ எடுத்துப் பாருங்கள். ஒரு பேனலின் மூலையில் விழும் நிழல்கூட வரிசை முழுவதின் உற்பத்தியையும் இழுத்துவிடும். தவிர்க்க முடியாது என்றால் பேனலுக்கு ஒன்றாக மைக்ரோ இன்வெர்ட்டர் (பேனல் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் சின்னக் கருவி) போடுவது நல்லது.

ஆய்வுக்கு வருகிறவர்கள் என்ன பார்ப்பார்கள்? எங்களுடையது தகரக் கூரை. (ஊட்டி)

பேனல், இன்வெர்ட்டர் வரிசை எண்கள், பேனல் பக்கமும் வீட்டுக் கரண்ட் பக்கமும் உள்ள கட்-ஆஃப் சுவிட்ச், எச்சரிக்கைப் பலகை, எர்த். இதில் எர்த்தைத்தான் நான் அழுத்திச் சொல்வேன். இடிதாங்கிக்கு ஒன்று, பேனல் சட்டத்துக்கு ஒன்று, வீட்டுக் கரண்ட் (ஏ.சி.) பக்கத்துக்கு ஒன்று என மூன்றும் தனித்தனியாக இருக்க வேண்டும். நம் சரிவுகளில் கொஞ்சம் தோண்டினாலே பாறை தட்டும். உடனே மாட்ட வந்தவர்கள் எர்த் கம்பியை அறுத்துவிட்டு மேலே சிமென்ட் மூடி வைத்துவிடுவார்கள். பார்வைக்குக் குறையே தெரியாது. ஆகவே குழியை மூடுமுன் கூடவே நின்று பாருங்கள், எர்த் டெஸ்டரில் அளந்து காட்டச் சொல்லுங்கள்.

அப்புறம் தகரம். ஸ்க்ரூ, தகட்டின் மேட்டில் ரப்பர் வாஷரோடு ஏறி, அடியிலுள்ள ரீப்பரைப் பிடித்திருக்க வேண்டும். பள்ளத்தில் ஏறினால் முதல் மழையிலேயே ஒழுகும். வெறும் தகட்டைப் பிடித்திருந்தால் ஜூன், ஜூலைக் காற்று பிடுங்கிப் போடும். ஒயர் இறங்கும் இடத்தில் தகர விளிம்பைத் தடவிப் பாருங்கள். அங்கே குழாய் இல்லையென்றால் விளிம்பு உரசி ஒயரின் தோல் கிழியும். ஆய்வில் இதை யாரும் கேட்காமலும் போகலாம், நீங்கள் கேளுங்கள்.

கூடலூரில் பிரிவு 17 நிலத்தில் வீடு. மின் இணைப்பே இல்லை. எங்களுக்கு வழி உண்டா?

இணைப்பு இல்லாவிட்டால் நெட் மீட்டரும் (வாங்கும், திருப்பிக் கொடுக்கும் கரண்டைக் கணக்கிடும் மீட்டர்) இந்த மானியமும் இல்லை அம்மா. 1969 ஜென்ம நில (பழைய எஸ்டேட் நில) ஒழிப்புச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு வழக்கு இழுபறியில் இத்தனை குடும்பங்கள் இருட்டில் இருப்பது எனக்கு ஆறாத வருத்தம். பேட்டரி வைத்த தனிச் சோலாருக்கு மின்வாரியத்தின் நெட் மீட்டர் ஒப்புதல் தேவைப்படாது. விளக்கு, ஃபோன், டிவி அளவுக்குச் சிறிதாகத் தொடங்குங்கள். மூடுபனி நாட்களைக் கணக்கில் வைத்து பேட்டரியைக் கொஞ்சம் தாராளமாக எடுங்கள்.

ஹோம்ஸ்டே நடத்துகிறோம், மானியம் வருமா?

வணிக இணைப்பென்றால் வராது.

கரண்ட் போனாலும் சோலார் ஓடுமா?

சாதாரண நெட் மீட்டர் அமைப்பு நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்பவருக்கு ஷாக் அடிக்காமலிருக்கவே இன்வெர்ட்டர் தானாக அணைகிறது. மரம் விழுந்து நாள்கணக்கில் கரண்ட் போகிற ஊரென்றால் பேட்டரியோடு ஹைப்ரிட் கேளுங்கள்.

பேனல் மாட்டியாச்சு, மீட்டர் வரவில்லை. கம்பெனிக்காரர் முழுப் பணமும் கேட்கிறார்.

கொடுக்காதீர்கள். கடைசித் தவணை, ஆய்வு முடிந்து இயக்கச் சான்று வந்த பிறகுதான் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்க வேண்டும். வேலை முடிந்ததாகத் தெரிவித்த 15 நாட்களுக்குள் மீட்டர் பொருத்தி இயக்கத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்பது விதி. தாண்டிவிட்டால் உதவிப் பொறியாளருக்கு எழுத்தில் கொடுத்து, நகலில் தேதி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கும் அசையவில்லையென்றால் அதே நகலோடு செயற்பொறியாளரைப் பாருங்கள்.