பூட்டன் பேர் மட்டும் தெரியும், ஊர் தெரியாது: எங்கிருந்து தேடுவது?

கோத்தகிரியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். தாத்தா குடும்பம் 1973-ல் இலங்கைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்தது. முதலில் கண்டிச் சீமைக்குப் போனவர் தாத்தாவின் அப்பா. அவர் பேர் பழனியாண்டி என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது. கையில் இருப்பது தாத்தாவின் பாஸ்போர்ட், குடும்ப அட்டை, அப்பாவின் இலங்கைப் பிறப்புச் சான்று, அவ்வளவுதான். பாஸ்போர்ட்டில் சொந்த ஊர் 'திருச்சி ஜில்லா' என்று மட்டும் இருக்கிறது. 84 வயது அப்பாயி 'முசிறிப் பக்கம் மேட்டுப்பட்டி' என்கிறார். அந்தப் பேரில் ஏகப்பட்ட ஊர் இருக்கிறதே, என்ன செய்வது?

முதலில் ஒரு ஆசையை விட்டுவிடுங்கள். தென்னாப்பிரிக்காவின் நாட்டாலுக்கும் ஃபிஜிக்கும் ஒப்பந்தக் கூலியாகப் போனவர்களுக்கு ஆளுக்கொரு நம்பர் போட்டு, தகப்பன் பேர், ஜில்லா, கிராமம் வரை எழுதி வைத்தார்கள். இலங்கைக்குப் போனது கங்காணி முறையில், அதாவது தோட்டத்து மேஸ்திரியான கங்காணியே ஊருக்கு வந்து ஆள் சேர்த்துக் கூட்டிப் போவது. அதில் அப்படி ஆள்வாரியாக ஊர் வரை எழுதி வைக்கவில்லை. அந்த மாதிரி ஒரு பதிவேட்டில் பூட்டன் பேரைப் பார்த்துவிடலாம் என்று எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கு பஸ் ஏறினால் அலைச்சல்தான் மிஞ்சும்.

கையில் இருக்கும் காகிதத்தையே இன்னும் நீங்கள் முழுசாகப் படிக்கவில்லை என்று நினைக்கிறேன். அப்பாவின் பிறப்புச் சான்றை எடுங்கள். இலங்கைச் சான்றில் தகப்பன் பிறந்த இடத்துக்கு ஒரு கட்டம் உண்டு, அப்புறம் பாட்டனார் இலங்கையில் பிறந்திருந்தால் அவர் பேர், பிறந்த ஆண்டு, இடம் எழுத இன்னொரு கட்டம் உண்டு. 1948 குடியுரிமைச் சட்டத்தில் பரம்பரை கேட்டதால் இந்தக் கட்டத்துக்கு அங்கே பெரிய மதிப்பு. உங்கள் அப்பாவின் சான்றில் பாட்டனார் என்றால் பழனியாண்டிதான். அந்தக் கட்டத்தில் வெறும் கோடு போட்டிருந்தால் அவர் இந்தியாவில் பிறந்தவர் என்பதற்கு அது ஒரு துப்பு. எழுதியவர் சோம்பல்பட்டும் கோடு போட்டிருக்கலாம், அதனால் அதை மட்டும் நம்பாதீர்கள். தாத்தா பிறந்த இடமாக ஒரு தோட்டத்தின் பேர் இருந்தால் அதுதான் பெரிய விஷயம், ஏனென்றால் குடும்பம் கடைசியாக இருந்த தோட்டமும் முதலில் போய் இறங்கிய தோட்டமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

பாஸ்போர்ட்டின் தேதியையும் பாருங்கள். புதுக்கோட்டை 1948 வரை தனி சமஸ்தானம், அதன்பின் திருச்சியோடு சேர்ந்து, 1974-ல்தான் தனி மாவட்டமானது. ஆக, நடுவில் எழுதிய பாஸ்போர்ட்டில் 'திருச்சி' என்றால் அது புதுக்கோட்டைக் கிராமமாகவும் இருக்கலாம். இன்றைய கரூர், பெரம்பலூர், அரியலூர் பக்கமும் அன்று திருச்சி ஜில்லாதான். அப்பாயி முசிறி என்று சொல்வதால் வடமேற்கே போகிறோம், சரி. ஆனால் அவர் அந்த ஊரைப் பார்த்தவரில்லை, மாமனார் வாயால் கேட்டவர்.

அதனால் அவரிடம் ஊர்ப் பேரைத் திரும்பத் திரும்பக் கேட்டுப் பயனில்லை. வேறு மாதிரி கேளுங்கள். மாமனார் எந்தச் சந்தையைப் பற்றிப் பேசுவார்? ஊரிலிருந்து பார்த்தால் மலை தெரியுமா, ஆறு பக்கமா? லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) வைத்துக் கும்பிட்ட சாமிக்குப் பிடிமண், அதாவது மூலக் கோயிலிலிருந்து எடுக்கும் ஒரு கைப்பிடி மண், எங்கிருந்து எடுத்து வந்தது? அப்பாயி தாத்தாவுக்கு மாமன் மகளா? ஆம் என்றால் அவர் பிறந்த வீட்டு வழியும் அதே வட்டாரத்துக்குத்தான் போகும், ஒன்றுக்கு இரண்டு கயிறு கிடைக்கும்.

குலதெய்வம் கொல்லிமலை மாசி பெரியண்ணசாமி என்று சொன்னால் உடனே துள்ளிக் குதிக்க வேண்டாம், அந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்கள் ஊர் ஊராக இருக்கிறார்கள். ஊருக்குள் பங்காளிகள் சேர்ந்து கும்பிடும் சின்னக் கோயில் எது, என்ன வகையறா என்று தெரிய வேண்டும்.

எல்லாவற்றையும் விட முக்கியமாக நான் நினைப்பது, கங்காணியின் பேர். கங்காணி பெரும்பாலும் தன் ஊரிலும் உறவிலும்தான் ஆள் பிடிப்பார், அதனால் ஒரே கங்காணியின் கீழ் இருந்த குடும்பங்கள் பக்கத்துப் பக்கத்து ஊர்க்காரர்களாக இருக்க வாய்ப்பு அதிகம். உங்கள் பூட்டன் பேரில் பட்டா இருக்காது, ஆனால் தோட்டத்தில் சம்பாதித்து ஊரில் நிலம் வாங்கிப் போட்ட கங்காணிகள் உண்டு, அவர்கள் பேர் பழைய செட்டில்மென்ட் பதிவேட்டில் (நிலம் யாருடையது என்று எழுதிய அரசுப் பதிவேட்டில்) இருக்கலாம். கோத்தகிரியிலும் கூடலூரிலும் அதே தோட்டத்திலிருந்து வந்த குடும்பங்களைத் தேடிப் பிடியுங்கள். அவர்களில் யாராவது ஊரோடு இன்னும் கல்யாணம் காட்சி என்று போக்குவரத்து வைத்திருப்பார்கள்.

இப்படி நாலைந்து துப்பு சேர்ந்தால் மேட்டுப்பட்டிகள் இரண்டு மூன்றாகக் குறையும். வருவாய்க் கிராமப் பட்டியலில் மட்டும் பார்க்காதீர்கள், குக்கிராமமாக வேறு ஊர்ப் பேருக்குள் ஒளிந்திருக்கும். போவதென்றால் மகாசிவராத்திரி அன்று போங்கள், வெளியூரில் இருக்கும் பங்காளிகளும் அன்று குலதெய்வக் கோயிலுக்கு வருவார்கள். கோயிலுக்குக் குடும்பவாரியாக வசூலிக்கும் தலைக்கட்டு வரி நோட்டு யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள், பழைய மொய் நோட்டு கிடைத்தால் இன்னும் நல்லது. பழனியாண்டி என்ற பேர் அங்கே ஒரு பேரனுக்கோ கொள்ளுப்பேரனுக்கோ இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள், தாத்தா பேரைப் பேரனுக்கு வைப்பது வழக்கம் என்பதால் அது துப்பு. ஆனால் முருகன் கோயில் பக்கம் பழனியாண்டிகளுக்குப் பஞ்சமில்லை, அது மட்டும் சாட்சியாகாது.

ஒன்று சொல்லிவிடுகிறேன். ஊருக்குள் போய் "எங்க பூட்டன் இந்த ஊரு" என்றதும் முதலில் வருவது சந்தேகம்தான், பங்கு கேட்க வந்துவிட்டார்கள் என்று முகம் மாறும். சொத்துப் பேச்சு இல்லை என்று வாய் திறந்ததும் சொல்லிவிடுங்கள். எந்தத் தெருவில் விசாரிப்பது என்பதற்குச் சாதியும் சொல்ல வேண்டி வரும், பிடிக்கவில்லை என்றாலும் நம் ஊர்களில் அந்தத் தகவல் அப்படித்தான் அடுக்கப்பட்டிருக்கிறது.

அதற்கு முன்னால், இந்த வாரமே அப்பாயி பக்கத்தில் போனை ரெக்கார்டில் வைத்துவிட்டு உட்காருங்கள். கங்காணி பேரிலிருந்து ஆரம்பியுங்கள்.